கண்ணாடித் தொட்டிக்குக் கடல் தண்ணீர்

காசியம்மா மார்பளவு தண்ணீரில் நின்று அலை கடந்து போகக் காத்திருந்தாள். பெரிய அலை தூக்கி இறக்கிவிட்டுக் கரையில் போய் உடைந்ததும், அடுத்தது வருவதற்குள் குடத்தை அமுக்கி நிரப்பிவிட வேண்டும். கரையோரத்தில் மொண்டால் மணலும் நுரையும் வரும். தெற்கே ஆற்று முகத்துப் பக்கம் போகவே கூடாது. புரட்டாசி மாதம், அரசலாறு செந்தண்ணீரைக் கொண்டுவந்து கடலுக்குள் வெகுதூரம் தள்ளிக்கொண்டிருந்தது.

குடம் நிரம்பியது. தலைக்கு ஏற்றிக்கொண்டு, கால்விரல்களால் மணலைப் பற்றிப் பற்றி அவள் கரையேறினாள். மண்குடம்தான், பித்தளையை உப்பு அரித்துவிடும். ஊருக்குள் வந்து சேர்வதற்குள் புடவையின் கீழ்ப்பாதி வெயிலில் காய்ந்து, கணுக்காலைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்பு வரிகள் விழுந்துவிடும். நடக்க நடக்க அந்த இடம் உரசி எரியும்.

பீர் மைதீன் ஜவுளிக்கடையின் முன்பக்கம் அவள் ஏறக்கூடாது. ஈரப்புடவை துணிகளில் பட்டுவிடும் என்று சந்து வழியாகத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். கடையின் முகப்பில், தெருவைப் பார்த்த மாதிரி அந்தக் கண்ணாடித் தொட்டி இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறியபோது ஒரு துரையின் பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். பீர் மைதீன் அதில் எடுத்தது. இரும்புச் சட்டத்தில் பதித்த கனத்த கண்ணாடி. அடியில் மணல், நடுவில் ஓட்டை ஓட்டையான கறுத்த கற்கள், அவற்றுக்கிடையே வரிவரியாய் மூன்று மீன்கள். ஒரு லாரி டியூப்பில் சைக்கிள் பம்பால் காற்றடித்து வைத்து, மெல்லிய ரப்பர் குழாய் வழியாக அதைத் தண்ணீருக்குள் கசியவிடுவார்கள். குமிழிகள் ஏறுவதைப் பார்க்கப் பிள்ளைகள் நிற்கும். பிள்ளைகள் நின்றால் தாய்மார்கள் நிற்பார்கள். நின்றவர்கள் உள்ளே வந்து ஒரு ரவிக்கைத் துண்டாவது கிழித்துக்கொண்டு போவார்கள்.

தினமும் பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவது, டியூப்புக்குக் காற்றடிப்பது, இறாலைப் பொடியாக நறுக்கிப் போடுவது எல்லாம் காசியம்மாவின் வேலை. அவள் புருஷன் முத்தையன் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவன். கப்பல் வரத்து நின்ற பிறகு அவன் தோளில் துண்டு மட்டும்தான் கிடந்தது. வீட்டில் உலை கொதிப்பது இந்தத் தொட்டியால்தான். அது போக இன்னொன்றும் உண்டு. "ஏம்மா, இது என்னா திங்கும்?" என்று பெரிய வீட்டுப் பெண்கள் அவளைத்தான் கேட்பார்கள். சந்து வாசலில் நின்றபடியே அவள் பதில் சொல்வாள். நாள் முழுதும் அவளிடம் ஒருவர் ஒன்று கேட்பதும் அவள் விளக்குவதும் அந்த இடத்தில் மட்டும்தான் நடந்தது.

அன்று அவள் குடத்தை இறக்கியபோது, முகப்பில் ஒரு பெண் நின்றிருந்தாள். இளம் வயது. கையில் ஈரத்துணி சுற்றிய பானை.

"உசுரோட இருக்கு மொதலாளி, பாருங்களேன்."

பீர் மைதீன் பானைக்குள் எட்டிப் பார்த்தார். "மாஷா அல்லா! மஞ்சக் காசு மாதிரியில்ல இருக்கு. என்னா மீனு?"

"வண்ணாத்திங்க. கரைவலையில எப்பவாச்சும் மாட்டும். திங்க ஒதவாது, தூக்கிப் போட்டுடுவாங்க. கடைக்கு மீனு கேட்டு ஆளு விட்டீங்கன்னு சொன்னாங்க, அதான் கொண்டாந்தேன்."

எதிர்க்கடைக்காரர் ரேடியோ வாங்கி வைத்ததிலிருந்து பீர் மைதீனுக்குத் தூக்கம் இல்லை. தீபாவளிக்குள் தொட்டியை நிறைத்துவிட வேண்டும் என்று கரையெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இந்தப் பெண் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். பெயர் அமுதம். அவள் புருஷன் மருதையன் கையில் கெளுத்தி முள் ஏறி, முழங்கை வரை வீங்கிக் கிடக்கிறான். கடலுக்குப் போக முடியவில்லை.

"காசியம்மா, உள்ள வுடு" என்றார் முதலாளி.

காசியம்மா பானையைச் சாய்த்தாள். ஒரு மஞ்சள் மீன் தொட்டிக்குள் நழுவி விழுந்தது. அது திரும்பித் திசை பார்ப்பதற்குள், கல் இடுக்கிலிருந்து பெரிய வரிமீன் அம்பு மாதிரி வந்து வாலைக் கவ்வியது. மற்ற இரண்டும் சேர்ந்துகொண்டன. புதியது கண்ணாடியில் மோதி, மூலைக்கு ஓடி, மணலில் புரண்டது. அமுதம் பாய்ந்து வந்து தோள்வரை கையை விட்டு அதை அள்ளி எடுத்துப் பானையில் போட்டாள். வால் ஓரம் கிழிந்திருந்தது.

"ஐயோ அக்கா! இப்புடியா வுடுறது? புதுக்கோழிய வாங்கியாந்து நேரா கூட்டத்துல வுட்டா கொத்தியே கொன்னுடாது? பஞ்சாரத்துல கவுத்து நாலு நா வெச்சுப் பழக்குறதில்ல?"

துணி கிழித்துக்கொண்டிருந்த கடைச் சிப்பந்தி சுப்ராயன் வாய்விட்டுச் சிரித்தான். "கேட்டியா காசியம்மா? ஒன் வூட்டுல கோழி இல்லியா?"

காசியம்மா வீட்டிலும் கோழி இருந்தது, பஞ்சாரமும் இருந்தது. அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அமுதம் அதற்குள் ஒரு சிறிய மூங்கில் கூடையைக் கேட்டு வாங்கி, பானையிலிருந்த மூன்று மஞ்சள் மீன்களையும் அதில் விட்டு, வாயை வலைத்துண்டால் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டாள். வரிமீன்கள் வந்து கூடையை முட்டின. உள்ளே இருந்தவை நடுவில் ஒண்டிக்கொண்டன.

"மூளைக்காரப் பொண்ணா இருக்கியே" என்றார் பீர் மைதீன். "நாளையிலேருந்து வா. தீவாளி வரைக்கும் இரு."

அமுதத்துக்கு ஒரு முக்காலி கிடைத்தது. அவள் முகப்பில் உட்கார்ந்து டியூப்புக்குக் காற்றடித்தாள். பிள்ளைகளோடு பேசினாள். பெரிய வீட்டுப் பெண்கள் கேட்டதற்குச் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். "இதுவா? இதுங்க மாமியா மருமவ. அதாங்க ஒண்ண ஒண்ணு வெரட்டுது." பெண்கள் சிரித்தார்கள். சாயங்காலத் தண்ணீர் மட்டும் அவள் எடுத்து வந்தால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால் பகல் முழுதும் அவள் புடவை காய்ந்தே இருந்தது. காலையும் மதியமும் குடம் குடமாகச் சுமந்து வந்த காசியம்மா சந்தில் நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமுதத்தின் தலையைப் பார்த்தாள். பூ வைத்திருந்தாள். நேற்று கனகாம்பரம், இன்று சாமந்திப் பூ.

"வேடிக்க பாத்துக்கிட்டு நல்லா நிக்குற, போ" என்றான் சுப்ராயன். வெற்றிலைச் சாற்றைச் சந்தில் துப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினான். "ஒனக்கு ஒண்ணு தெரியுமா? தீவாளிக்கப்பறம் ஒருத்தி போதும்னு மொதலாளி சொல்லிட்டாரு. யாருன்னுதான் சொல்லல."

அன்று வீட்டில் சோற்றை வடித்துக்கொண்டே அவள் முத்தையனிடம் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்திருந்தான்.

"அவளும் பொழைக்கத்தான வந்திருக்கா" என்றான்.

"நான் மட்டும் வெளையாடவா போறேன்?"

"அதுக்கில்லடி. ரெண்டு பேருக்கும்தான் வேல இருக்கே."

"ரெண்டு பேருக்கு எங்க இருக்கு? ஒரு எடந்தான் இருக்கு. அதுல அவ முக்காலி போட்டுக் குந்தியிருக்கா. கடலு வரைக்கும் போய்ட்டு வர்றது நானு. கைதட்டு வாங்குறது அவ."

"கைய ஒதறாத, கஞ்சி தெறிக்குது."

அவள் பானையை நிமிர்த்தினாள். கஞ்சி காலில் பட்டிருந்தது. உப்பு உரசிய இடத்தில் சுரீரென்றது.

வியாழக்கிழமை அமுதம் கூடையைத் திறந்து விட்டாள். கூடைவழியாகப் பார்த்துப் பழகிவிட்டதால் சிறிய வரிமீன்கள் இரண்டும் கண்டுகொள்ளவில்லை. பெரியது மட்டும் விடவில்லை. கற்களின் நடுவே இருந்த பெரிய பொந்து அதன் இடம். அதன் பக்கம் ஒரு மஞ்சள் துடுப்பு தெரிந்தாலும் ஓடி வந்து விரட்டியது.

"அதுக்கு அது வூடுங்க" என்றாள் அமுதம் முதலாளியிடம். "கல்ல எல்லாம் எடுத்து எடம் மாத்தி அடுக்கிட்டா, எது யாரோட வூடுன்னு அதுக்கே தெரியாம போயிடும். கூண்ட மாத்தி வெச்சா கோழிங்க சண்ட போடாது பாருங்க, அது மாதிரி." சொல்லிக்கொண்டே தொட்டிக்குள் கைவிட்டு ஒரு கல்லைத் தொட்டவள், விரலை முகர்ந்து மூக்கைச் சுளித்தாள். "அக்கா, என்னா வழவழன்னு கெடக்கு! எங்கூர்ல தண்ணித்தொட்டி இப்புடி இருந்தா மாமியாக்காரி வெளக்கமாத்த தூக்கிடுவா."

முகப்பில் நின்ற பெண்கள் சந்துப் பக்கம் திரும்பிக் காசியம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அமுதம் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பு முழுவதும் காசியம்மாவின் முகத்தில் வந்து விழுந்தது. அவள் வீட்டுப் பாத்திரங்களில் முகம் பார்க்கலாம். தெருவில் யாரும் அதை மறுக்கமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகைக்காகக் கடையைப் பாதி அடைத்துவிட்டு முதலாளி பள்ளிவாசலுக்குப் போனார். சுப்ராயன் சாப்பிடப் போனான். அமுதமும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை மரத்தடிக்குப் போனாள். கல்லை மாற்றுவதைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

காசியம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முகப்புக்கு வந்தாள். ஒவ்வொரு கல்லாக எடுத்துச் சந்துக்குக் கொண்டுபோனாள். பச்சையும் பழுப்புமாகப் பாசி கையில் ஒட்டியது. டீக்கடை அடுப்பிலிருந்து சாம்பல் வாங்கி வந்தாள், புளி கரைத்தாள், தேங்காய் நாரை உருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அடிப்பிடித்த வெண்கலப் பானையைத் தேய்ப்பது போல் தேய்த்தாள். ஓட்டைகளுக்குள்ளும் விரலை விட்டுச் சாம்பலைத் திணித்துத் தேய்த்தாள். கிணற்றுத் தண்ணீரில் அலசினாள். கறுப்புக் கற்கள் வெளுத்து, சாம்பல் நிறமாகிப் பளிச்சென்று வந்தன. பெரியதை இடப்பக்கம், சிறியதை வலப்பக்கம், நடுவில் வெறும் மணல் என்று முன்பு இருந்ததற்கு நேர்மாறாக அடுக்கினாள். நிமிர்ந்தபோது இடுப்பு விட்டுப்போயிருந்தது.

தொப்பியோடு வந்த பீர் மைதீன் படியிலேயே நின்றுவிட்டார்.

"யாரு செஞ்சா இத?"

"நாந்தாங்க மொதலாளி."

"கண்ணாடி மாதிரி வெச்சிருக்கியே! சுப்ராயா, இங்க வந்து பாரு. இத்தன நாளா இப்புடி இல்லியே."

காசியம்மா தலைகுனிந்து நின்றாள். அவள் முகப்பில் நிற்பதை அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய வரிமீன் தொட்டி முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தது. தன் பொந்தைக் காணாமல் கற்களை முகர்ந்து முகர்ந்து பார்த்தது. மஞ்சள் மீன் ஒன்று அதன் மூக்குக்கு எதிரே போயிற்று, அது விரட்டவில்லை.

சாயங்காலக் குடத்தோடு வந்த அமுதம் தொட்டியை வெகுநேரம் பார்த்தாள்.

"கல்ல எதப் போட்டுத் தேச்சீங்க அக்கா?"

"கையாலதான்."

"இம்புட்டு வெளுப்பாவா?"

"ஏன், ஒனக்கு மட்டுந்தான் கையிருக்கா?"

அமுதம் தண்ணீரை ஊற்றினாள். விளக்கு வைக்கும் நேரத்தில் ஆறு மீன்களும் மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே வைத்துத் திறந்து திறந்து மூடின. வரியும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"பாத்தியா, எப்புடி ஒத்துமையா நிக்குதுங்க!" என்றார் பீர் மைதீன்.

காலையில் கடை திறந்தபோது தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராக இருந்தது. ஆறும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. பெரிய வரிமீனின் கண் மீது ஓர் ஈ உட்கார்ந்திருந்தது.

பீர் மைதீன் கல்லாப்பெட்டியில் உட்காரவில்லை. நின்றபடியே இருவரையும் கூப்பிட்டார். "நேத்து வரைக்கும் நல்லா இருந்ததெல்லாம் ஒரே ராத்திரில மவுத்தா போச்சு. ரெண்டு பேருல யாரோ ஒருத்திதான் காரணம். யாருன்னு சொல்லுங்க."

இருவரில் ஒருத்தி. காசியம்மாவுக்குத் தன் குரல் எங்கிருந்தோ வருவது போல் கேட்டது.

"கடைசியா ஊத்துனது அது கொண்டாந்த தண்ணிங்க. சீக்கிரமா வந்துடுச்சு நேத்து. கடலுக்குப் போய்ட்டு அவ்ளோ வெரசா வரமுடியாது. ஆத்து மொகத்துல மொண்டிருக்கும்."

அமுதம் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா? எனக்குத் தெரியாதா அந்தத் தூரம்?"

"மொதலாளி, சத்தியமா கடல்லதாங்க மொண்டேன். கடக்கரையில எங்கூரு ஆளுங்க இருந்தாங்க, கேட்டுப் பாருங்க. இது தண்ணியால இல்லீங்க. கல்ல என்னமோ போட்டுத் தேச்சிருக்கு. பாசிய எடுத்தாலே..."

"கல்லச் சுத்தமா கழுவுனது குத்தமா?" பீர் மைதீனின் குரல் உயர்ந்தது. முந்தின நாள் தெருவுக்கே கேட்கும்படி புகழ்ந்தவர் அவர். "அழுக்கு கெடந்தப்ப உசுரோட இருந்துச்சாம், சுத்தம் பண்ணதும் செத்துப்போச்சாம். யாருகிட்ட கத வுடுற? போ. புருஷன் கை சரியானா அவன வலையிழுக்கச் சொல்லு. இங்க வராத."

அமுதம் முக்காலிக்கு அடியிலிருந்த தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். தெருவில் இறங்கும்போது காசியம்மாவிடம், "காத்து கொறஞ்சிருக்கு, டியூப்பப் பாத்துக்குங்க" என்றாள். பழக்கத்தில் சொல்லிவிட்டு, மீன் இல்லாதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது போல் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.

தொட்டியைக் காலிசெய்வது காசியம்மாவின் வேலை. பெரிய கல்லைத் தூக்கிக் கவிழ்த்தபோது, பொந்திலிருந்து சாம்பலும் புளிச்சக்கையும் குழம்பாக அவள் உள்ளங்கையில் வழிந்தன. சந்தில் யாரும் இல்லை. அவள் அதைச் சாக்கடையில் கழுவிவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாக முந்தானையில் துடைத்தாள். வாசல்வரை போனாள். கோட்டுச்சேரிப் பக்கம் போகும் தெருவில் மாட்டுவண்டி ஒன்று மட்டும் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்து மணலை வாரத் தொடங்கினாள்.

அடுத்த வாரமே பீர் மைதீன் கரையில் சொல்லிப் புது மீன்கள் வாங்கினார். வேறு கற்களைக் கடலிலிருந்து பாசியோடு எடுத்துவந்து, காசியம்மா தேய்க்காமல் அப்படியே போட்டாள். மீன்கள் பிழைத்துக்கொண்டன. சாயங்காலத் தண்ணீரும் இப்போது அவளுடையதாயிற்று. தீபாவளிக்கு அப்புறமும் அவள்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆனால் அவர் ஒன்றை மறக்கவில்லை.

"ஆத்துத் தண்ணி எது, கடத்தண்ணி எதுன்னு எனக்கென்ன தெரியும்? நீதான சொன்ன, ஆத்துத் தண்ணின்னா செத்துப்போகும்னு. இனிமே ஒவ்வொரு கொடத்துலேயும் ஒரு வாய் குடிச்சுக் காட்டிட்டு ஊத்து. சுப்ராயா, நீ நின்னு பாத்துக்க."

"நானும் குடிக்கணுங்களா?" என்று பதறினான் சுப்ராயன்.

"நீ எதுக்குக் குடிக்கணும்? அது மூஞ்சியப் பாரு. சுளிச்சா கடத்தண்ணி."

தீபாவளிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. காசியம்மா சந்து வழியாக வந்து குடத்தை இறக்கினாள். வெளிச்சம் போதவில்லை என்று சுப்ராயன் அவளை முகப்புக்கே வரச்சொன்னான். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு குடித்தாள். முகம் தானாகச் சுளித்தது. அவன் தலையாட்டினான். அவள் ஊற்றிவிட்டுக் கடலுக்குப் போனாள். வந்தாள், குடித்தாள், ஊற்றினாள். வெயில் ஏறியது. வயிற்றைப் புரட்டியது; வழியில் ஓரிடத்தில் உட்கார்ந்து வாந்தியெடுத்துவிட்டு எழுந்து வந்தாள். உதடு வெடித்து, நாக்கு கட்டைபோல் ஆகிவிட்டது.

மதியக் குடத்தில் சிரட்டையை விட்டுக் குடித்தபோது வாயில் ஒன்றும் தெரியவில்லை.

சுப்ராயன் அவள் முகத்தையே பார்த்தான். "சுளிக்கலியே."

"நாக்கு மரத்துப்போச்சு தம்பி. கடத்தண்ணிதான்."

"நான் என்னத்தக் கண்டேன்? மொதலாளி மூஞ்சியப் பாக்கச் சொல்லியிருக்காரு. இன்னொரு வாய் குடி. இல்லேன்னா கொட்டிட்டு வேற மொண்டுகிட்டு வா."

அவள் சிரட்டையை நிரப்பிக் குடித்தாள். விழுங்கிவிட்டு, கண்ணை இடுக்கி, மூக்கை ஏற்றி, உதட்டைக் கோணலாக இழுத்தாள். வெடித்த இடத்தில் ரத்தம் கசிந்தது.

தொட்டியில் முகத்தை ஒட்டவைத்து மீன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி திரும்பிவிட்டாள். தாயின் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, இந்தம்மாவப் பாரேன்!" என்றாள். மற்றப் பிள்ளைகளும் கண்ணாடியை விட்டு நகர்ந்து வந்து வரிசையாக நின்றார்கள். ஒரு பையன் அவளைப் போலவே கண்ணை இடுக்கி, உதட்டைக் கோணிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னொரு தடவ செய்யுங்க" என்றாள் சிறுமி.